படிக்கத்தான் கொடுத்தேன்

என் மகளுக்கு,

நான் கடிதம் எழுதுவது உனக்குச் சிரிப்பாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். கையெழுத்துப் போடுவதைத் தவிர இந்தக் கை பேனாவைப் பிடித்து எத்தனையோ வருடம் ஆகிறது. கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்தால் நீயே சரிசெய்து படித்துக்கொள். மத்தியானம் வேலை ஓய்ந்த பிறகு உன் அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று எழுதுகிறேன். அந்தக் கட்டிலை எடுத்துவிடச் சொன்னாய். எடுக்கவில்லை. மெத்தையை மட்டும் கொடுத்துவிட்டேன். வெறும் பலகையில் உட்கார்ந்து எழுதினால் எழுத்து கொஞ்சம் நேராக வருகிறது.

போனில் சொல்லலாம் என்று பல நாள் பார்த்தேன். நீயும் தவறாமல் கூப்பிடுகிறாய். மாத்திரை போட்டாயா, கண் ஆஸ்பத்திரிக்குப் போனாயா என்று கேட்கிறாய். கேஸ் என்று நான் வாயெடுத்தால் "அத விடும்மா" என்று வேறு பேச்சுக்குப் போய்விடுகிறாய். விட முடியவில்லை ஆத்தா. வருகிற வியாழக்கிழமை நான் மதுரைக் கோர்ட்டில் நின்று சொல்ல வேண்டும். உன் வக்கீல் ஜமீலா முந்தாநாள் ஒரு காகிதம் கொண்டுவந்தாள். அதற்குப் பெயர் பிரமாணப் பத்திரமாம். நான் சொன்னதாக எழுதியிருந்ததை நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினாள். "பெட்டியில் இருந்த மூன்று டைரிகளையும் என் மகள் யாரும் தொடக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தாள். அவற்றை நான் யாரிடமும் கொடுக்கவில்லை. எனக்குத் தெரியாமல் எடுத்துச் செல்லப்பட்டன." இதுதான் அதில் இருந்தது. முதல் வரி உண்மை. மூன்றாவது வரி பாதி உண்மை. நடுவில் இருப்பது பொய். அந்தக் காகிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை.

நீ ஜமீலாவிடம் சொன்னது பொய் இல்லை. உனக்குத் தெரிந்ததைச் சொன்னாய். உனக்குத் தெரியாததை நான் ஏழு மாதமாக வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு இருக்கிறேன். கோர்ட்டில் முன்பின் தெரியாதவர்களுக்கு முன்னால் அதை நீ முதல் தடவை கேட்கக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உன் அப்பாவின் ஏழாம் நாள் பூசை முடிந்து நீ சென்னைக்குப் போனாய். போகும்போது பச்சைப் பெட்டியைக் காட்டி, "அம்மா, எந் நோட்டு மூணும் அப்பாவோட காக்கிச் சட்டைக்கு அடியில இருக்கு, யாரும் தொட வேண்டாம்" என்றாய். நான் தலையை ஆட்டினேன். நீ போன மூன்றாம் நாள் அவன் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். கண்ணாடி போட்டிருந்தான். கையில் ஒரு மாலையும் ஒரு மெழுகுவர்த்தியும் இருந்தன. செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு, யாரையும் பார்த்துக் கும்பிடாமல் நேரே அப்பா படத்துக்கு முன்னால் போய் நின்றான். மாலையைப் போட்டான். மெழுகுவர்த்தியை ஏற்றினான். சிலுவை போட்டுக்கொண்டான். பிறகுதான் என் பக்கம் வந்து தரையில் உட்கார்ந்தான். "அக்காவோட பட்டிமன்றப் பேச்சக் கேட்டு வளந்தவன்மா நான்" என்றான். பத்திரிகையில் வேலை பார்க்கிறேன் என்றும் சொன்னான். அதை அவன் மறைக்கவில்லை. நான்தான் அதைக் காதில் வாங்கவில்லை. சாவு வீட்டுக்குக் கேதம் கேட்க வந்தவரிடம் என்ன வேலை, என்ன சம்பளம் என்றா கேட்போம்?

அவன் என்னிடம் எதையும் கேட்கவில்லை. இதை நீ நன்றாக மனதில் வைத்துக்கொள். நானாகத்தான் பேசினேன். மூன்று நாளாக வீட்டில் ஆள் இல்லை. எதிர்வீட்டுச் சவரியம்மா வந்தால் அவள் மருமகள் கதையைத்தான் சொல்வாள். இவன் வாய் திறக்காமல் உட்கார்ந்து கேட்டான். உன் அப்பா பஸ் ஓட்டிய கதை, கை கால் விழுந்த கதை, நீ மூன்று மாதம் மேடையை எல்லாம் விட்டுவிட்டு வந்து அவரைத் தாங்கிய கதை என்று சொல்லிக்கொண்டே போனேன். அப்போதுதான் என் வாயில் அது வந்தது. "அவரு பேசுனது எங்க யாருக்கும் வெளங்காது தம்பி, எம் மகளுக்கு மட்டுந்தான் வெளங்கும். எல்லாத்தையும் நோட்டுல எழுதி வச்சிருக்கா. எனக்கு அவ எழுத்து ஓடாது. கண்ணுல வேற புரை. நீ கொஞ்சம் படிச்சுச் சொல்றியாப்பா?"

ஏன் கேட்டேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். அவர் போவதற்கு ஒன்பது நாளைக்கு முன்னால் ஒரு மத்தியானம். நான் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டு இருந்தேன். நீ கட்டிலின் கால்மாட்டில் நோட்டோடு உட்கார்ந்திருந்தாய். அவர் என்னையே பார்த்தார். பிறகு கோணிய வாயால் நீளமாக என்னமோ சொன்னார். எனக்கு அது வெறும் சத்தம். நீ "அப்பா!" என்று கத்திக்கொண்டு சிரித்தாய். அவரும் பாதி வாயால் சிரித்தார். கஞ்சி எல்லாம் கழுத்தில் வழிந்தது. "என்னடி சொன்னாரு?" என்று கேட்டேன். "அப்புறம் சொல்றேம்மா" என்று சிரித்துக்கொண்டே அதை நோட்டில் எழுதினாய். மறுநாள் அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அதற்கப்புறம் நீ சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. முப்பத்தெட்டு வருடம் குடும்பம் நடத்திய மனுசன் என்னைப் பார்த்துக் கடைசியாகச் சிரித்துச் சொன்ன வார்த்தை என் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கிறது, எனக்கு மட்டும் தெரியாது. அந்த ஒரு வரிக்காகப் பெட்டியைத் திறந்தேன். நீ தொட வேண்டாம் என்று சொன்னது காதில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. காக்கிச் சட்டையை ஒதுக்கி, மேலே இருந்த நோட்டை எடுத்து என் கையாலேயே அவன் கையில் கொடுத்தேன். பெட்டியை மூடவில்லை.

அவன் புரட்டினான். கண் ஓடியது, வாய் ஓடவில்லை. "இருக்கா தம்பி?" என்றேன். "தேடுறேம்மா" என்றான். அந்த நேரத்தில்தான் காளையார்கோவிலில் இருந்து உன் அப்பா வழிச் சொந்தம், பெண்கள் ஐந்தாறு பேர், வாசலிலேயே அழுதுகொண்டு வந்தார்கள். நான் எழுந்து போய் அவர்களைக் கட்டிக்கொண்டேன். கழுத்தோடு கழுத்து சேர்த்து அழுதால் எவ்வளவு நேரம் ஆகும் என்று உனக்குத் தெரியும். அழுது ஓய்ந்து மூக்கைச் சிந்திவிட்டுத் திரும்பினேன். அவன் உட்கார்ந்த இடம் காலி. கேத வீட்டில் இருந்து யாரும் போயிட்டு வாரேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்ப மாட்டார்கள். சொல்லாமல் எழுந்து போவதுதான் முறை. சொன்னால்தான் தப்பு. நான் சவரியம்மாவிடம், "முறை தெரிஞ்ச புள்ள, சொல்லாமப் போயிருச்சு பாரு" என்று அவனை மெச்சிக்கொண்டேன். இதை நினைத்தால் இப்போதும் என் முகத்தில் நானே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அவன் படித்துவிட்டு உள்ளே வைத்திருப்பான் என்று பெட்டியைப் பார்க்காமலே மூடினேன். நாலு நாள் கழித்துத்தான் அப்பாவின் சட்டையை மோந்து பார்க்கலாம் என்று திறந்தேன். மேலே இருந்த நோட்டும் இல்லை, கீழே இருந்த இரண்டும் இல்லை. முதலில் நீதான் எடுத்துப் போயிருப்பாய் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அது சரி இல்லை என்று எனக்கே தெரியும். அன்றைக்கே உனக்குப் போன் போட்டிருந்தால் நீ ஏதாவது செய்திருப்பாய். பத்திரிகையில் வருவதற்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. நான் சொல்லவில்லை. நீ திட்டுவாய் என்ற பயம் இல்லை. நீ திட்ட மாட்டாய். பேசாமல் இருந்துவிடுவாய். சின்ன வயதில் இருந்தே உனக்கு அதுதான் கோபம். அப்பாவும் போய், நீயும் பேசாமல் போனால் இந்த வீட்டில் நான் யாரோடு பேசுவது என்று பயந்தேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ள உன்னைக் கொடுத்துவிட்டேன். நோட்டைக் கொடுத்ததைவிட அதுதான் பெரிய தப்பு.

அது வந்த அன்றைக்குச் சவரியம்மாதான் பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். உன் படத்தை அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தார்கள். மைக்குக்கு முன்னால் நீ கண்ணைத் துடைக்கிற படம். முதுமையில் பெற்றோரைத் தாங்குவது மகனா, மகளா என்ற பட்டிமன்றத்தில் நீ மகளே என்று பேசி, டிவியில் பார்த்தவர்களை எல்லாம் அழ வைத்தாயே, அந்தப் படம். அதற்குப் பக்கத்தில் கொட்டை எழுத்தில், "அப்பா செத்தால் தேவலை: மேடையில் அழ வைத்தவரின் ரகசிய டைரி" என்று இருந்தது. சவரியம்மா எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டிப் படித்தாள். மலத்தில் கிடந்தவரைத் திருப்பிப் போட்டுத் துடைத்தது, படுக்கைப் புண்ணில் இருந்து வாடை வந்தது, அவர் அழுதது, நீ கிணற்றடியில் போய் வாந்தி எடுத்தது, இன்றைக்கே இவர் செத்தால் தேவலை என்று நீ எழுதியது. எல்லாம்.

"என்னத்தச் சொல்லு, அவ எழுதுனது எழுதுனதுதானே? வாயிலதான் பாசமாம்ல" என்றாள் சவரியம்மா.

"நீ ஒம் மாமியா கெடையில கெடந்தப்ப என்ன சொன்னேன்னு நான் அச்சுல போடவாடி?" என்று கேட்டேன்.

"நான் சொன்னேன். எழுதியா வச்சேன்?" என்றாள்.

"உனக்குச் சொல்றதுக்கு நான் இருந்தேன். அவளுக்கு நோட்டுதான் இருந்துச்சு. எந்திரிச்சு அங்குட்டுப் போ" என்றேன். போய்விட்டாள். நாலு நாள் கழித்து ஒரு கிண்ணத்தில் மீன் குழம்போடு வந்தாள். நாங்கள் அதைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

உன்னிடம் மறைக்க மாட்டேன். அந்த வரியைக் கேட்டதும், என் புருசனைப் பற்றி, அவர் பெற்ற பிள்ளை இப்படி எழுதிவிட்டதே என்று ஒரு நிமிடம் நானும் ஊரோடு சேர்ந்துகொண்டேன். அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் கோயில் மணி அடித்தபோதுதான் எனக்கு என் ஞாபகம் வந்தது.

நீ வருவதற்கு முந்தி ஒன்றரை வருடம் நான் ஒருத்திதான் அவரைப் பார்த்தேன். உனக்கு அது தெரியும். உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. ஒரு சனிக்கிழமை நான் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். தட்டிக்கு இந்தப் பக்கம் முட்டி போட்டுக்கொண்டு, "சாமி, அவரு சீக்கிரம் போயிரணும்னு வேண்டிக்கிட்டு செபமால சொல்றேன். பத்து நாளாச் சொல்றேன்" என்றேன். அந்தப் பக்கம் இருந்து சாமியார், "தூங்குறீகளாம்மா?" என்று கேட்டார். "இல்ல சாமி, மணிக்கொருக்கப் பெரட்டிப் போடணும்" என்றேன். "மூணு அருள் நிறைந்த மரியே சொல்லுங்க. பக்கத்து வீட்ல யாரையாச்சும் உக்கார வச்சிட்டு ஒரு மணி நேரம் தூங்குங்க. அதுவும் பரிகாரந்தான்" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மறுநாள் பூசையில் நன்மை அப்பம் கொடுக்கும்போது, முன்னால் நின்ற கிழவியை எப்படிப் பார்த்தாரோ அப்படித்தான் என்னையும் பார்த்தார். அவர் இந்த ஊரை விட்டு மாற்றலாகிப் போகிற வரைக்கும் அந்தப் பார்வை மாறவில்லை.

நான் சாமியார் காதில் சொன்னதைத்தான் ஆத்தா நீ நோட்டில் சொன்னாய். நான் சொன்னது தட்டியைத் தாண்டி வரவில்லை. நீ சொன்னது டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. அவ்வளவுதான் உனக்கும் எனக்கும் வித்தியாசம். அந்த நினைப்பு வந்தும் பத்து நாள் ஜெபமாலை சொல்லிவிட்டு எழுந்து அவருக்கு நான் கஞ்சி வைத்தேன். கிணற்றடியில் வாந்தி எடுத்துவிட்டு வந்து அவர் புண்ணை நீ கழுவினாய். அதைப் பார்த்தவள் நான். அந்தப் பத்திரிகைக்காரர் யாரும் பார்க்கவில்லை.

நோட்டு என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ பத்தாவது படிக்கும்போது ஒரு நோட்டில் எழுதி, கோயிலுக்குப் போடுகிற பாவாடைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாய். நான் கண்டுபிடித்துவிட்டேன். எவனுக்கோ எழுதுகிறாள் என்று நினைத்தேன். நானே எழுத்துக்கூட்டிப் பார்த்தேன், ஓடவில்லை. வண்டியை விட்டுவிட்டு உன் அப்பா வந்ததும் வராததுமாக அவர் கையில் கொடுத்தேன்.

"படிச்சுப் பாருங்க, என்ன எழுதியிருக்கான்னு."

"யாருக்கு எழுதியிருக்கா?"

"தெரியலையே, அதுக்குத்தான படிக்கச் சொல்றேன்."

"உனக்கு எழுதியிருக்காளா?"

"எனக்கெதுக்கு எழுதப் போறா?"

"எனக்கு?"

"இல்ல."

"அப்பறம் நாம ஏன் பிரிக்கணும்? காரைக்குடியில ஏத்துனா சிவகங்கை போறதுக்குள்ள எம் பஸ்ஸுல எத்தனை கவர் குடுக்குறாக. நாட்டரசன்கோட்டை வெலக்குல ஒருத்தர் நிப்பாரு, குடுத்துருங்கன்றாக. எதையாச்சும் பிரிச்சிருக்கேனா? ஒண்ணப் பிரிச்சேன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் குடுப்பான் எங்கிட்ட?"

"அது ஊரான் கவரு. இது நம்ம புள்ள."

"நம்ம புள்ள நாளைக்கு எதையாச்சும் நம்ம கையில குடுக்கணும்ல?" என்று சொல்லிவிட்டு, நோட்டை என்னிடமே நீட்டினார். "எடுத்த மாதிரியே வச்சிரு, மடிப்புக் கலையாம" என்றார். வைத்தேன். நீ கடைசி வரைக்கும் கண்டுபிடிக்கவில்லை. அதற்கு மூன்று மாதம் கழித்து நீயாக வந்து, கணக்குப் பரீட்சையில் ஃபெயிலானதை அப்பாவிடம் மட்டும் சொன்னாய். என்னிடம் சொல்லவில்லை. எனக்கு அப்போது கோபம் வந்தது. ஏன் அவரிடம் சொன்னாய் என்று இப்போது புரிகிறது. அந்த மனுசனின் காக்கிச் சட்டையைத் தள்ளிவிட்டுத்தான் நான் உன் நோட்டை எடுத்திருக்கிறேன்.

முந்தாநாள் நான் கையெழுத்துப் போடாமல் பேனாவை உருட்டிக்கொண்டு இருந்ததும் ஜமீலாவுக்கு என்னமோ தட்டியிருக்கிறது. "என்னம்மா, கை வலிக்குதா?" என்றாள்.

"இல்லத்தா. ஒருத்தர் கையில படிக்கக் குடுத்தா, அது குடுத்ததா ஆயிருமா?"

அவள் பேனாவுக்கு மூடி போட்டாள். "அம்மா, நீங்க என்ன சொல்ல வாரீக?"

"நீ மொதல்ல சொல்லு."

"அவுக கட்சியே அதான்மா. ரெண்டு சொல்றாக. ஊருக்குப் பாசத்தச் சொல்ற ஆளு உள்ளுக்குள்ள என்ன நெனைச்சாகன்னு ஊருக்குத் தெரியணும்கிறது ஒண்ணு. குடும்பத்துல உள்ளவகளே எடுத்துக் குடுத்தாக, அப்பறம் அதுல என்ன ரகசியம்கிறது ரெண்டாவது. இந்த வீட்ல அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு உங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும். அவரு ஒண்ணு சொல்வாரு, நீங்க ஒண்ணு சொல்வீக. யாரு சொல்றத நம்புறதுன்னு ஜட்ஜு பாப்பாரு."

"நான் குடுக்கலைன்னு சொன்னா நம்புவாகளா?"

"நம்பலாம்."

"குடுத்தேன்னு சொன்னா?"

ஜமீலா காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். "கஷ்டம் கூடும்மா. ஆனா அதோட முடிஞ்சிராது. எதுக்குக் குடுத்தீக, என்ன சொல்லிக் குடுத்தீகன்னு அடுத்த கேள்வி வரும். மொதல்ல அக்காகிட்டச் சொல்லுங்க. அப்பறம் எங்கிட்டச் சொல்லுங்க. பொய்யில என்னால கேஸ் நடத்த முடியாது, காகிதத்த மாத்தி எழுதிக்கிருவோம்" என்றாள். நல்ல பிள்ளை. போகும்போது வாசலில் நின்று, போயிட்டு வாரேன் என்று சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள்.

அதனால் வியாழக்கிழமை நான் சொல்லப் போவது இதுதான். ஆமாம், நான்தான் கொடுத்தேன். ஒரு நோட்டைக் கையால் கொடுத்தேன், இரண்டைப் பெட்டி திறந்து கிடந்ததால் அவன் எடுத்துக்கொண்டான். படிக்கத்தான் கொடுத்தேன், அதுவும் எனக்குப் படித்துச் சொல்லத்தான் கொடுத்தேன். ஊருக்குப் படிக்கக் கொடுக்கவில்லை. நாட்டரசன்கோட்டை விலக்கில் நிற்பவருக்குச் சேர்க்கச் சொல்லி என் வீட்டுக்காரர் கையில் ஒருவர் கவர் கொடுத்தால், அது என் வீட்டுக்காரருக்குக் கொடுத்ததாக ஆகுமா என்று கேட்பேன். அவர்கள் ஊருக்குத் தெரியணும் என்றால், என்னைப் பற்றியும் தெரிந்துகொள்ளட்டும். அவர் சாகணும் என்று நானும் ஜெபமாலை சொன்னேன் என்று அங்கேயே சொல்வேன். சாமியார் சொல்லவில்லை, நானே சொல்கிறேன், அது என் இஷ்டம், என் மகளின் இஷ்டத்தை யாரும் கேட்கவில்லை என்று சொல்வேன். இதைச் சொல்வதால் உன் கேஸ் தோற்றால் என்னை மன்னிக்காதே, ஒரு நாள் திட்டு. வாய் திறந்து நல்லாத் திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

பொய் சொல்லி ஜெயித்தால் என்ன என்றும் யோசித்தேன். நீ எழுதியது உண்மை, அதுதான் உன்னைச் சந்தியில் நிறுத்தியது. அந்த உண்மையைக் காப்பாற்ற நான் பொய் சொன்னால், எது யாருடையது என்றே தெரியாமல் போகும். அவன் கேத வீட்டு முறையைப் போர்த்திக்கொண்டு எடுத்துப் போனான். நான் தாய் என்ற பெயரைப் போர்த்திக்கொண்டு பொய் சொன்னால் அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

கேஸ் என்ன ஆனாலும் நீ மறுபடியும் மேடை ஏற வேண்டும். பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு உன்னைக் கூப்பிட்டவர்கள் அப்புறம் வேண்டாம் என்றார்களாம். கூப்பிடுகிறவர்கள் கூப்பிடுவார்கள். அதே தலைப்பைக் கொடுத்தால் அதே கட்சி பேசு. மேடையில் நீ சொன்னதும் உண்மை, நோட்டில் எழுதியதும் உண்மை. அப்பாவை வைத்துப் பார்த்த யாருக்கும் இரண்டும் ஒரே நாளில் வரும் என்று தெரியும். தெரியாதவர்கள்தான் கைதட்டியதைத் திருப்பிக் கேட்கிறார்கள். எழுதுவதையும் விட்டுவிடாதே. நீ இப்போது எழுதுவது இல்லை என்று ஜமீலா சொன்னாள். எழுது. பெட்டிக்குப் பூட்டுப் போடு. சாவியை என்னிடம் கொடுக்காதே.

இந்தக் கடிதத்தை நான் ஒட்டவில்லை. ஜமீலா கையில் அப்படியே கொடுத்து அனுப்புகிறேன். முதலில் நீ படி. பிறகு அவள் படிக்கட்டும், ஜட்ஜ் ஐயா கேட்டால் காட்டட்டும், அந்தப் பத்திரிகைக்காரருக்கே வேண்டுமானாலும் கொடுக்கட்டும். நானே எழுதி, போட்டுக்கொள் என்று நானே சொல்லிக் கொடுப்பது இது. உன் நோட்டை அப்படி யாரும் கொடுக்கவில்லை. இதையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஐந்தாவது படித்தவளுக்குக்கூட வித்தியாசம் தெரியும்.

கடைசியாக ஒன்று. அவர்கள் இரண்டு வாரம் போட்டார்கள், நீ கேஸ் போட்டதால் மூன்றாவது வாரத்துக்குக் கோர்ட்டு தடை போட்டது. இரண்டு வாரத்தையும் சவரியம்மாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் அன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரித்துச் சொன்னது அதில் வரவில்லை. அதை வைத்து அவர்களால் என்ன விற்க முடியும்? நோட்டு இப்போது கோர்ட்டில் உறைக்குள் இருக்கிறது. அது உன் கைக்குத் திரும்பி வரும். வந்ததும் அந்தப் பக்கத்தை எடுத்துப் படித்துச் சொல் என்று எழுதத்தான் இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன். எழுதி வரும்போது வேண்டாம் என்று தோன்றிவிட்டது. அவர் உன்னிடம் சொன்னார், நீ உன் நோட்டில் எழுதினாய். எனக்கு என்று இருந்தால் நீ ஒரு நாள் கொடுப்பாய். இல்லையென்றால் அங்கேயே இருக்கட்டும். அவர் சிரித்தாரே, அது எனக்குப் போதும். கழுத்தில் வழிந்த கஞ்சியைத் துடைத்தது என் கைதான்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸுக்குக் கிளம்புவேன். இந்த வீட்டில் ஏழு மாதமாக யாரும் போயிட்டு வாரேன் என்று சொல்லவில்லை. வருகிறவர்களும் சொல்லாமல் போகிறார்கள், நானும் சொல்லாமல் போய் வருகிறேன். அன்றைக்கு அவர் படத்துக்கு முன்னால் நின்று, சத்தமாக, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் படி இறங்கப் போகிறேன். கோர்ட்டு வாசலில் நீ நில்.

உன் அம்மா